பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா?

"சின்னவனை விட்டுட்டுப் போக ஆள் இல்லீங்கம்மா. அதான் மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை." நடவுக்குப் போகும் ஒரு தாய் சொன்னது இது. மூத்தவளுக்கு வயது ஒன்பது, சின்னவனுக்கு இரண்டரை. ஆள் வைத்தால் கூலியில் பாதி போய்விடும், வாஸ்தவம்தான். ஆனால் மகளின் படிப்பு செலவுக் கணக்கில் சேராதா?

அதே தெருவில் அங்கன்வாடி இருக்கிறது! 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைச் சேர்ந்தது. கட்டணம் கிடையாது. இரண்டு வயது முடிந்த பிள்ளைக்கு மதியம் சூடான சாப்பாடு, பாட்டு, விளையாட்டு உண்டு, எடையும் பார்ப்பார்கள். ஆறு மாதம் முடிந்த கைக்குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்தனுப்புவார்கள்.

நீங்கள் வேலை முடிந்து திரும்புமுன் மையம் மூடிவிடலாம். மிச்ச நேரத்துக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து, நம்பிக்கையான ஒரு பெரியம்மாவிடம் விடலாம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் யாருக்கும் பாரமில்லை. அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் எட்டாத இடமாகப் பாருங்கள். வாளித் தண்ணீரில்கூடத் தவழும் குழந்தை மூழ்கிவிடும். தூங்கட்டும் என்று இருமல் மருந்து கொடுப்பது கூடவே கூடாது.

கம்பெனி வேலையா? 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் சட்டம் திருத்தப்பட்டது. தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம், பால் கொடுக்கலாம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. தனியாகக் கேட்கத் தயக்கமானால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

அந்தச் சின்னவன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். அக்காவும் பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் தம்பியைக் கூட்டி வருவது மட்டும் இன்னும் அவள் வேலைதான்.