எண்ணாற் பெயர்பெற்ற நூல்கள்

பாட்டுத் தொகையாற் பெயர்பெற்ற நூல்கள் தமிழிற் பலவாகும். அவ்வெண் பெயராய் அமைவதோடு நூலின் நிறைவை அளந்தறியும் கருவியாகவும் நிற்றலை ஈண்டு ஆராய்கின்றோம்.

ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் கிடைத்தில. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் மறைந்தமையால் எஞ்சியவை 80 பாடல்களே. ஐந்திணை எழுபதில் நான்கு பாடல்கள் காணப்படவில்லை. பெயரில் எண் இல்லாதிருப்பின் இவ்விழப்புகளின் அளவை அறுதியிடுதல் அரிதாகியிருக்கும்.

குறைவைப் போன்றே மிகுதியையும் எண் காட்டும். களவழி நாற்பதில் இன்று 41 பாடல்கள் உள. திணைமாலை நூற்றைம்பதில் உள்ளவை 153. ஐந்திணைக்கும் முப்பது முப்பதாகக் கொள்ளின், பாலையும் மருதமும் அவ்வளவில் நிற்க, குறிஞ்சி, நெய்தல், முல்லை ஆகிய மூன்றும் 31 பாடல்கள் உடையனவாதல் புலனாகும். ஆதலின், மிகைப்பாடல் உளதாயின் அதனை இம்மூன்று திணைகளுள் தேடுதலே முறையாம்.

எனினும், எண் ஐயத்தை எழுப்புமேயன்றி முடிபு கூறாது. எப்பாடல் பிற்சேர்க்கை என்பதைச் சுவடி வேறுபாடும் சொல்லாட்சியும் கொண்டே துணிதல் வேண்டும். தொகை நிரம்புதற்பொருட்டு ஒரு பாடலை நீக்குதல் பதிப்புநெறி ஆகாது என்பதே எம் கருத்து.