'தப்பு உன் மேல இல்ல... நாங்க கூட இருக்கோம்!'

காலையில ஏழு மணிக்கு ஆம்பூர் பைபாஸ்ல நின்னு பாருங்க. வரிசையா கம்பெனி பஸ்கள். ஜன்னலோரம் டிபன் பையோட பெண்கள். ஷூ கம்பெனிக்குப் போற அந்தக் கூட்டத்துல உங்க அக்கா இருக்கலாம், பக்கத்து வீட்டுச் சித்தி இருக்கலாம்.

அவங்கள்ல ஒருத்தரோ, உங்க கிளாஸ்மேட்டோ ஒருநாள் உங்ககிட்ட வந்து, "எனக்கு இப்படி ஒண்ணு நடந்துடுச்சு"ன்னு அழுதா என்ன சொல்வீங்க? 'அந்த நேரத்துல அங்க ஏன் போன?' 'வெளியில சொல்லாத, மானம் போயிடும்!' பெரும்பாலும் இதுதானே நம்ம ஊர் டயலாக்?

இந்த டயலாக்கைத் தூக்கிப் போட்டுட்டு, ஒண்ணா நின்னு ஜெயிச்ச ஒரு ஊர் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். ரொம்ப தூரமில்லை. ஆம்பூர்ல இருந்து வாணியம்பாடி, திருப்பத்தூர், ஊத்தங்கரை வழியா அரூர். அங்கிருந்து சித்தேரி மலையடிவாரத்துக்குப் போனா வாச்சாத்தி.

அந்த ஜூன் 20

1992 ஜூன் 20. சந்தனக்கட்டையைப் பதுக்கி வெச்சிருக்காங்கன்னு சொல்லி, இந்த மலைவாழ் மக்களோட ஊருக்குள்ள ஒரு படை நுழைஞ்சது. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு மூணு துறையும் சேர்த்து, பின்னாடி குற்றம் சாட்டப்பட்டவங்க மட்டும் 269 பேர்!

ஊர் ஜனங்களை மரத்தடிக்கு இழுத்துட்டு வந்து அடிச்சாங்க. 18 பெண்களைத் தனியா ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. அதுல பள்ளிக்கூடம் போற சிறுமியும் உண்டு. வீடுகளை நொறுக்கினாங்க. குடிக்கிற கிணத்தைக்கூடப் பாழாக்கினாங்க. கடைசியில, கொடுமைக்கு ஆளானவங்க மேலயே கேஸ் போட்டு, சேலம் ஜெயில்ல அடைச்சாங்க. தப்பிச்சவங்க மலைக்குள்ள ஓடி ஒளிஞ்சாங்க. 'அப்படி எதுவும் நடக்கவே இல்லை'ன்னு கை விரிச்சது அரசாங்கம்.

காது கொடுத்த மனுஷங்க

அப்போ அவங்க சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, நம்பினவங்க சிலர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துல இருந்து பெ. சண்முகமும் தோழர்களும் தேடி வந்தாங்க. மாதர் சங்கத்தின் மைதிலி சிவராமன் பெண்கள்கிட்ட பேசி வாக்குமூலங்களைப் பதிவு செஞ்சாங்க. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் சென்னை அதிகாரி பாமதி நேர்ல வந்து விசாரிச்சு, நடந்தது உண்மைதான்னு அறிக்கை கொடுத்தாங்க. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் கோர்ட் படி ஏறினார். 1995-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போச்சு.

அதுக்கப்புறம்தான் நிஜமான சோதனை. ஜெயில்ல இருந்து வெளியில வந்ததும் இந்தப் பெண்கள் ஆளுக்கொரு மூலையில சுருண்டு படுத்திருந்தா வழக்கு அங்கேயே முடிஞ்சிருக்கும். அவங்க அப்படிச் செய்யலை. காக்கிச்சட்டைக்கு முன்னால நின்னு, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்றது லேசுப்பட்ட காரியமா? பக்கத்துல இன்னும் பதினேழு பேர். பின்னால ஒரு ஊர். அதுக்கும் பின்னால ஒரு சங்கம். அந்தத் தைரியம் அவங்களை விடலை!

2011 செப்டம்பர் 29. தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொன்னப்போ 269 பேர்ல 54 பேர் செத்துப் போயிருந்தாங்க. மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. அதுல 17 பேருக்குப் பாலியல் வன்கொடுமைக்காக.

அவங்க மேல்முறையீடு போக, ஹைகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன் 2023-ல் அந்த ஊருக்கே நேர்ல வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29-ல் தண்டனை உறுதியாச்சு. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்ச ரூபாய், அதுல பாதியைக் குற்றவாளிகள்கிட்டயே வசூலிக்கணும். வேலையோ, சுயதொழிலோ அரசாங்கம் ஏற்பாடு செய்யணும்னும் உத்தரவு. எடுத்துக்கிட்ட காலம்... 31 வருஷம்! குமரியா இருந்தவங்களுக்குத் தலை நரைச்சிடுச்சு.

அமெரிக்காவில் இன்னொரு 2011

இதே மாதிரி ஒரு கதை கடல் தாண்டியும் இருக்கு. 1944-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துல, சர்ச்சுல இருந்து வீட்டுக்கு நடந்து வந்த ரேசி டெய்லர்ங்கிற 24 வயசு கறுப்பினப் பெண்ணை வெள்ளைக்கார இளைஞர்கள் கடத்திட்டுப் போய்ச் சீரழிச்சாங்க. வாயைத் திறந்தா கொன்னுடுவோம்னு மிரட்டல் வேற. அவங்க வாயை மூடலை.

அப்போ விசாரிக்கக் கிளம்பி வந்தவங்க யார் தெரியுமா? ரோசா பார்க்ஸ்! 1955-ல் பஸ்ஸுல சீட்டை விட்டுக் கொடுக்க மாட்டேன்னு சொன்ன அதே ரோசா பார்க்ஸ்தான். நாடு முழுக்க ஆதரவு திரட்ட ஒரு கமிட்டியே போட்டாங்க. ஆனாலும் ஒருத்தன் மேலகூட வழக்கு நடக்கலை. கடைசியில அலபாமா சட்டசபை மன்னிப்புக் கேட்டது 2011-ல். நம்ம வாச்சாத்தி தீர்ப்பு வந்த அதே வருஷம்! ரேசிக்கு அப்போ வயசு 91.

'மீ டூ' தெரியும்ல? 2017-ல் சினிமாக்காரங்களால உலகம் பூரா பரவிச்சு. ஆனா, 2006-லேயே அதை ஆரம்பிச்சவங்க தரானா பர்க்ங்கிற கறுப்பினப் பெண். 'எனக்கும்தான்' என்பதுதான் அதுக்கு அர்த்தம். பாதிக்கப்பட்ட பொண்ணுக்கு 'நீ தனியா இல்ல'ன்னு தெரியணும், அவ்வளவுதான் அவங்க நோக்கம்.

பாகாயம் சொல்லும் பாடம்

இதை நம்ம வேலூர்லயே பார்க்கலாம். பாகாயத்துல இருக்கிற சி.எம்.சி. மனநல மையத்துல, நோயாளியைத் தனியா விட்டுட்டுப் போக முடியாது. குடும்பத்துல ஒருத்தராவது கூடவே தங்கணும். பல வருஷமாவே அங்க இதுதான் வழக்கம். மருந்து ஒரு பக்கம், கூட இருக்கிற மனுஷன் இன்னொரு பக்கம். மனசுல பட்ட காயத்துக்கு ரெண்டும் வேணும்.

நாம என்ன செய்யலாம்?

* முதல்ல கேளுங்க. நம்புங்க. போலீஸ் மாதிரி குறுக்கு விசாரணை வேண்டாம்.

* அடுத்து என்ன செய்யணும்ங்கிற முடிவு அவங்களோடது. 'நான் பார்த்துக்கறேன்'னு கிளம்பி ஹீரோ ஆகாதீங்க. ஆனா, பாதிக்கப்பட்டவங்க 18 வயசுக்குக் கீழேன்னா போலீசுக்குச் சொல்லியே ஆகணும். அது போக்சோ சட்டம்.

* ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்க. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவங்களுக்கு அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமா சிகிச்சை கொடுக்கணும்னு சட்டமே இருக்கு.

* பத்துப் பேர் வேலை செய்ற எந்த கம்பெனியிலும், காலேஜிலும் புகார் கமிட்டி இருக்கணும். தலைவர் ஒரு பெண்ணா இருக்கணும். மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும். உங்க காலேஜ் கமிட்டியில யார் யார்னு இன்னிக்கே கேட்டு வைங்க.

* பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. செல்லுல சேவ் பண்ணுங்க.

* பேரை, போட்டோவை யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க. பாலியல் வன்கொடுமை வழக்குல அது குற்றம். வாச்சாத்தியின் 18 பேர்ல ஒருத்தர் பேர்கூட இந்தக் கட்டுரையில இல்லாததுக்கு அதுதான் காரணம்.

* முக்கியமா, ஒரு வாரத்துல மறந்துடாதீங்க. ஆறு மாசம் கழிச்சும் 'சாப்பிட்டியா?'ன்னு ஒரு போன் போடுங்க.

நாளைக்குக் காலையில அதே பைபாஸ்ல அதே பஸ்கள் போகும். அதுல வர்ற யாரோ ஒருத்தர், சொல்லலாமா வேண்டாமான்னு தவிச்சிட்டு இருக்கலாம். உங்ககிட்ட வந்து சொன்னா, முதல் வார்த்தை இதுவா இருக்கட்டும்: "தப்பு உன் மேல இல்ல. நான் கூட இருக்கேன்!"