நீலத் துணியும் வெள்ளை நூலும்

ஜப்பானின் வடகிழக்கே பனி மிகுந்த தோஹொகு வட்டாரத்து உழவர் குடும்பப் பெண்கள், பருமனான பருத்தி நூலைக்கொண்டு துணியின்மீது கையால் இட்டுவந்த ஓட்டுத் தையல் சஷிகோ எனப்படுகிறது. ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாக மாறிமாறிச் செலுத்தி நூலோட்டிக்கொண்டே போவதுதான் ஓட்டுத் தையல். தையல் பழகும் எவரும் முதல் நாளில் கற்பது அது. குத்துதல் என்று பொருள்படும் ஜப்பானிய வினையிலிருந்து பிறந்த இப்பெயரைச் ‘சிறு குத்துகள்’ என்று தமிழில் சொல்லலாம். சங்கிலித் தையல், முடிச்சுத் தையல், நிரப்புத் தையல் என்று பலவற்றைக் கலந்து பூவும் கொடியும் வரையும் பிற எம்பிராய்டரி முறைகளைப் போலன்றிச் சஷிகோ இந்த ஒரே தையலை நம்பி நிற்பதால், அதை ஒரே மாலையில் கற்றுவிடலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. தையலைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும் என்பது மெய்தான். ஆனால் அத்தையல் ஏன் அவ்வாறு இடப்படுகிறது என்பதை அறியாமல் தொடங்குவோரின் முதல் துணி பெரும்பாலும் சுருங்கிக் கோணிப்போய் நிற்கிறது. புதியவருக்குச் சொல்லப்படும் விதிகளிற் பல, உடுத்தியும் துவைத்தும் மீண்டும் உடுத்தியும் பயன்பட்ட துணியிலிருந்து பிறந்தவை. ஆகவே அத்துணியின் கதையை முதலில் அறிவது தையலுக்கே உதவும்.

பருத்தி வெப்பத்தை விரும்பும் பயிர். ஜப்பானின் தென்மேற்குப் பகுதிகளில் அது பரவலாகப் பயிராகிய பிறகும், தோஹொகுவின் குறுகிய கோடையும் கடுங்குளிரும் அதற்கு இடந்தரவில்லை. அங்கே வாழ்ந்தோர் ‘ஆசா’ என்ற பொதுப்பெயரால் அழைக்கப்பட்ட நார்ச்செடிகளின் தண்டிலிருந்து நாரை உரித்து, நூலாக்கி, வீட்டிலேயே நெய்து உடுத்தினர். நம்மூர்ச் சணலை ஓரளவு ஒத்த அத்துணி உழைக்கும். ஆனால் இழைகளுக்கிடையே கண் விட்டிருப்பதால் பனிக்காற்றைத் தடுக்காது. ஒசாக்காவிலிருந்து ஜப்பான் கடலோரமாக வடக்கே சென்ற வணிகக் கப்பல்கள் பிற சரக்குகளோடு பழைய பருத்தி உடைகளையும் கொண்டுவந்து விற்றன. ஒருவர் உடுத்திக் கழித்த உடை அங்கே விலை கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது; அதன் கிழிசலும் துண்டும்கூட வீணாகவில்லை. துண்டுகளை ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக நூலோட்டி, ஒரே கனத்த துணியாக்கிக்கொண்டனர். அடுக்குகளுக்கிடையே நிற்கும் காற்று குளிரைத் தாங்கியது, நெருங்கிய தையல் தேய்மானத்தைத் தாங்கியது. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்ட கந்தல் உடைகளும் படுக்கை விரிப்புகளும் இன்று ‘போரோ’ என்ற பெயரில் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன.

இன்றைய ஆவோமோரி மாநிலத்தின் மேற்குப் பகுதியான ட்சுகருவில் இந்தத் தேவை சட்டத்தோடும் பிணைந்திருந்தது. 1724இல் அப்பகுதியின் ஆட்சியாளர் விதித்த சிக்கனக் கட்டளை உழவர்கள் பருத்தியாடை உடுத்துவதற்குத் தடை போட்டது. நார்த்துணி மட்டுமே எஞ்சிய நிலையில், பிற்காலத்தில் வெள்ளைப் பருத்தி நூல் கிடைக்கத் தொடங்கியபோது, பெண்கள் அந்த நூலைக் கொண்டு நீலச் சாயமிட்ட நார்த்துணியின் கண்களை ஊடையின் போக்கிலேயே அடைத்தனர். இதற்குக் ‘கொகின்’ என்று பெயர். பாவு இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணித் தைப்பது அதன் இலக்கணம். அதே மாநிலத்தின் கிழக்கிலிருக்கும் நம்பு பகுதியின் ‘ஹிஷிசஷி’ இரட்டைப்படையில் எண்ணும். இந்த ஓர் இழை வேறுபாட்டாலேயே கொகினின் சாய்சதுரங்கள் நெடிதாகவும் ஹிஷிசஷியின் சாய்சதுரங்கள் அகலமாகவும் அமைகின்றன என்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்பூட்டும் செய்தி. யமகத்தா மாநிலத்தின் ஷோனாய் சமவெளியில் வளர்ந்த சஷிகோவையும் சேர்த்து இம்மூன்றையும் ஜப்பானின் மூன்று பெரும் சஷிகோ மரபுகள் என்பர். ஆட்சி மையமாயிருந்த எதோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், தீயணைப்போரும் பல அடுக்குப் பருத்தியை நெருங்கத் தைத்த மேலாடையை அணிந்து, அதைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நெருப்பை நெருங்கினர்.

1891இல் தோக்கியோவிலிருந்து ஆவோமோரிவரை இருப்புப்பாதை முழுமை பெற்ற பின், மலிவான பருத்தித் துணி வடக்கே எளிதாக வந்து சேர்ந்தது. இரவெல்லாம் கண்விழித்துத் தைக்க வேண்டிய கட்டாயம் நீங்கியதும் கொகின் மெல்ல மறையலாயிற்று. அதைத் தைத்த பெண்களுக்கு அது இழப்பாகத் தோன்றியிருக்க வேண்டும் என்று இன்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. சுமை குறைந்ததில் அவர்கள் மகிழ்ந்திருக்கவும் கூடும். சாமானியர் செய்த அன்றாடப் பொருள்களின் அழகை உலகறியச் செய்த யனாகி சோஎட்சு 1930களில் கொகினைப் பாராட்டி எழுதியதும், ஆவோமோரி மாநிலத்தவரான தனாக்கா சூசபுரோ ஊர் ஊராகச் சென்று பழைய உடைகளைத் திரட்டியதும் இக்கலையை மறதியிலிருந்து மீட்டன. தனாக்கா திரட்டியவற்றுள் ட்சுகரு, நம்பு பகுதிகளின் சஷிகோ உடைகள் 786ஐ ஜப்பானிய அரசு 1983இல் முக்கிய நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

இனி, கற்க விரும்புவோர் எதில் தொடங்க வேண்டும் என்ற வினா. சுவரில் மாட்டும் படத்தைவிட, பாத்திரம் துடைக்கும் துணியே முதல் வேலைக்குத் தகுந்தது. ஜப்பானில் ‘ஹனஃபுகின்’, அதாவது பூத்துணி, என்று அழைக்கப்படும் இது, ‘சராஷி’ எனப்படும் வெளுத்த மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைத்த ஏறத்தாழ 34 செ.மீ. சதுரம். சராஷியின் நெசவு அகலமே அவ்வளவுதான் என்பதால் இரு பக்கக் கரைகளையும் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. தையலில் பிழை நேர்ந்தாலும் துணி பயன்படும். பயன்படும்போதே எந்தத் தையல் தளர்ந்தது, எது இறுகியது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹனஃபுகினை முதல் ஆசிரியர் என்று சொல்லலாம். நீல நிறத் துணியில் வெள்ளை நூலிடும் மரபுத் தோற்றத்தை விரும்புவோர் அடுத்த வேலையில் அதை நாடலாம். ஜப்பானிய நீலச்சாயம் நம் அவுரிச் செடியிலிருந்து வருவதன்று. வேறொரு செடி அதே நிறப்பொருளைத் தருகிறது. அத்தகைய துணி முதற் சில வெளுப்புகளில் சாயம் விடுமாதலால், தைக்கும் முன்பே அதைத் தனியாக அலசி உலர்த்திவிட வேண்டும். எந்தப் பருத்தித் துணியானாலும் முன்னதாக நனைத்துச் சுருங்கவிடுவது நல்லது. நெசவு மிக நெருக்கமாக இருந்தால் ஊசி இறங்க மறுக்கும் என்பதையும் துணி வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

சஷிகோ நூல் பல புரிகளைச் சேர்த்து முறுக்கிய, பளபளப்பில்லாத பருத்தி நூல். எம்பிராய்டரிக்கென விற்கும் ஆறு இழை நூலைப் போல அதைப் பிரிப்பதில்லை, அப்படியே கோக்க வேண்டும். ஊசி நீளமானது, முனை கூர்மையானது, காது பெரியது. ஒரே இழுப்புக்கு முன் பல தையல்களை அதன்மீது திரட்டிக்கொள்ள அந்த நீளம் தேவைப்படுகிறது. கோலத்தைத் துணியில் வரைவதற்கு நீரில் கரையும் குறிப்பேனாவோ, கரித்தாளைப் போலத் துணிக்கும் படத்துக்கும் இடையே வைத்து அழுத்தும் சுண்ணத்தாளோ பயன்படும். நீரில் அழியும் மையைத் தண்ணீரில் அலசுவதற்குமுன் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடக்கூடும். இந்த ஒரு கவனக்குறைவால் பல நாள் உழைப்பு கெட்டுப்போகும்.

எம்பிராய்டரி பழகியவர்கள் சஷிகோவுக்கு வரும்போது முதலில் விட்டுவிட வேண்டியது வட்டச் சட்டம். துணியை முரசுத்தோல்போல் இறுக்கி வைத்தால் இத்தையலை இட முடியாது. ‘உன்ஷின்’ எனப்படும் ஜப்பானியக் கைமுறையில், நடுவிரலின் அடியில் அணிந்த விரலுறையின் தட்டில் ஊசியின் காதுப்பக்கம் ஊன்றி நிற்க, கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஊசிமுனையை அடக்கிப் பிடிக்க, மற்றொரு கை துணியை மேலும் கீழுமாக அசைத்து ஊசியின்மீது மடிப்பு மடிப்பாக ஏற்றுகிறது. ஊசி துணியைத் தேடிப் போவதைவிடத் துணி ஊசியை நாடி வருவது அதிகம். கைக்குப் பழகாத இந்த அசைவு தொடக்கத்தில் தடுமாற்றம் தரும். ஆனால் வரிசை நேராக ஓடுவதும் தையல்கள் ஒரே அளவில் விழுவதும் இந்தத் தாளத்தைப் பொறுத்தவை. ஒவ்வொரு தையலையும் தனித்தனியே அளந்து குத்துவோருக்கு அவை எளிதில் கைகூடுவதில்லை. கோடிட்ட வெறுந்துணியில், எந்தக் கோலமும் இல்லாமல், சில நாள்கள் இந்த அசைவை மட்டும் பழகுவது வீண்வேலை ஆகாது.

ஊசியை இழுத்து வெளியே எடுத்தபின் செய்யவேண்டிய ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. இழுத்த நூல் துணியைச் சுருக்கியிருக்கும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தைத்த வரிசையைத் தொடக்கத்திலிருந்து முடிவு நோக்கி வருடி, துணியை மீண்டும் நீவிவிட வேண்டும். முழு வேலையும் முடிந்தபின் நீவலாம் என்று விட்டுவைத்தால் சுருக்கம் நிலைத்துப்போகும். மூலையில் திரும்பும்போதும், ஒரு வரிசையிலிருந்து பக்கத்து வரிசைக்கு அடிப்புறமாக நூலைக் கொண்டுபோகும்போதும், நூலைச் சற்றுத் தொய்வாக விடுவதும் இதே நோக்கம் கொண்டது. பருத்தித் துணி துவைக்கும்போது சுருங்கும், உடுத்தும்போது இழுபடும். அதற்கு இடம் கொடுக்காத நூல் துணியைக் கிழிக்கும் அல்லது தானே அறும். வயல்வேலைக்கு அணிந்த உடையில் இந்தத் தொய்வு இல்லாதிருந்தால் அது ஒரு பருவம்கூடத் தாங்கியிராது.

தையலின் அளவும் அவ்வாறே. கோடுகளால் அமையும் கோலங்களில் மேற்புறத் தையல் சற்று நீண்டும் அடிப்புறத் தையல் குறுகியும், ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அமைவது வழக்கம். மேலே தெரியும் தையல்கள் வரிசையாகக் கிடக்கும் அரிசிமணிகளைப் போலத் தோன்றும். ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் காட்டிலும் எல்லாம் ஒரே அளவாக இருப்பதே கண்ணுக்கு நிறைவு தருகிறது. பல கோடுகள் சந்திக்கும் நடுப்புள்ளியில் நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடவிடாமல் சிறு வெற்றிடம் விடுவதும் விதி. அழகுக்கான ஏற்பாடாகத் தோன்றும் இதற்குப் பயன் சார்ந்த காரணமும் உண்டு: நூல் குவிந்து மேடிட்ட இடமே முதலில் உரசித் தேயும். தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுப் போடாமல், வந்த வழியே மூன்று நான்கு தையல்களை மறுபடி மேலோட்டி நூலை நிறுத்துவது இருபுறமும் தெரியும் துணிகளுக்கு ஏற்ற முறை.

சஷிகோக் கோலங்களை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். வளைகோடுகளையும் நேர்கோடுகளையும் தொடர்ந்து தைத்து உருவத்தை வரைவது ‘மொயோசஷி’. அரை செ.மீ. கட்டங்களில் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே எனத் தைத்து முதலில் கிடைவரிசைகளையும் பின்னர் நெடுவரிசைகளையும் நிரப்புவது ‘ஹிதோமேசஷி’, அதாவது ஒற்றைத் தையல் முறை. இரண்டாவது வகையில் கிடைவரிசைகள் முடியும்வரை துணியில் உடைந்த கோடுகளைத் தவிர எதுவும் தெரிவதில்லை. நெடுவரிசைகள் ஏறத்தொடங்கியதும், எங்கும் வரையப்படாத சீமைப்பனிச்சைப் பூக்கள் ஒவ்வொன்றாக முகங்காட்டும். ‘ககிநோஹன’ என்னும் அந்தக் கோலத்தைத் தைப்பவர் அடையும் மகிழ்ச்சிக்கு ஈடு இக்கலையில் வேறில்லை. ஷோனாயில் பெரிதும் விரும்பப்பட்ட ‘கோமேசஷி’யில் சிலுவைக் குறியோடு மூலைக்கோடுகளும் சேர்ந்து, அரிசியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் வடிவம் பிறக்கிறது.

மொயோசஷியில் புதியவர் செய்யும் பெரும்பிழை உருவத்தை உருவமாகவே தைப்பது. ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களாலான ‘ஷிப்போ’ கோலத்தை ஒவ்வொரு வட்டமாகத் தைத்து முடிப்பவர் அடிக்கடி நூலை அறுக்க நேரிடும். அதை அலையலையாக ஏறியிறங்கும் நீண்ட கோடுகளாகக் காண்பவர் துணியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே போக்கில் தைத்துச் செல்வார். ஆறு முனை விண்மீன்கள் அடுத்தடுத்து நிற்பதுபோன்ற ‘ஆசநோஹா’வும் நேர்கோடுகளும் கோணல்மாணலாக மடங்கிச் செல்லும் கோடுகளுமாகவே பிரிகிறது. ஆசநோஹா என்றால் ஆசாச் செடியின் இலை. அச்செடி விரைந்தும் நேராகவும் வளர்வது என்பதால், குழந்தையும் அவ்வாறே வளரட்டும் என்ற வேண்டுதலோடு பச்சிளங்குழந்தைகளின் உடையில் அந்தக் கோலத்தை இட்டனர். நார்த்துணியைத் தந்த செடியே கோலமாகவும் ஆனது.

2011 மார்ச் 11இல் ஆழிப்பேரலை வடகிழக்குக் கரையை அழித்தபின், இவாத்தே மாநிலத்தின் ஒட்சுச்சி நகரில் தங்குமிடங்களில் கையில் வேலையின்றி இருந்த பெண்களுக்காக ஒரு சஷிகோத் திட்டம் தொடங்கப்பட்டது. வீடும் தொழிலும் இழந்தோர் கூடியிருந்த நெருக்கடியான இடத்தில், ஊசி, நூல், துணி ஆகிய மூன்றும் ஒருவர் உட்காரும் அளவு இடமும் இருந்தால் செய்யக்கூடிய வேலை அது. அவர்கள் தைத்தவற்றுள் துடைக்கும் துணிகளும் இருந்தன.