கன்வென்ஷன் சென்டர் கட்டினால் கான்ஃபரன்ஸ் வந்துவிடுமா? சின்ன நகரங்களின் கணக்கு இதுதான்

2023 பிப்ரவரியில் ஜி20 பண்பாட்டுக் குழுவின் முதல் கூட்டம் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் வசிப்பவர்கள் சுமார் 24 ஆயிரம் பேர்தான். இந்தியா ஜி20 தலைமை வகித்த காலத்தில் இப்படி சுமார் 60 ஊர்களில் 200-க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. குமரகம், சிலிகுரி, ஹம்பி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

'அப்போ எங்க ஊர்லயும் ஒரு பெரிய ஹால் கட்டினா போதுமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்க. ஜி20 கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று முடிவு செய்தது அரசு. செலவும் அரசுடையது. டாக்டர்கள் சங்கமோ ஐடி நிறுவனமோ ஊரைத் தேர்வு செய்யும் விதம் வேறு.

ஊரை யார் தேர்வு செய்கிறார்கள்?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை 'மைஸ்' என்பார்கள். மீட்டிங், இன்சென்டிவ் டூர், கான்ஃபரன்ஸ், எக்ஸிபிஷன் நான்கும் சேர்ந்த சுருக்கம் அது. இதில் மூன்று வகை வாடிக்கையாளர்கள்.

முதல் வகை அரசு. இரண்டாவது கார்ப்பரேட் நிறுவனங்கள். பல ஊர்களிலிருந்து ஊழியர்கள் வர வேண்டும் என்பதால் நேரடி ஃப்ளைட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மூன்றாவது சங்கங்கள்: மருத்துவர்கள், பொறியாளர்கள், ஆய்வாளர்கள். சின்ன நகரங்களுக்கு நல்ல வாய்ப்பு இந்த மூன்றாவது வகையில்தான். ஏனென்றால் பல சங்கங்கள் ஆண்டுதோறும் ஊரை மாற்றிக்கொண்டே இருக்கும். 'இந்த முறை எங்க ஊர்ல நடத்துறோம்' என்று கேட்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

1,000 பேர் வந்தால்?

கணக்கு சிம்பிள். மூன்று நாள் கான்ஃபரன்ஸ், வெளியூரிலிருந்து 1,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் தனி ரூம் கேட்டு, மீதிப் பேர் இருவருக்கு ஒரு ரூமில் தங்கினால் 750 ரூம் வேண்டும். ஒரே தரத்தில், ஹாலுக்குப் பக்கத்தில், ஒரே தேதியில்.

இந்த 1,000 பேரில் பாதிப் பேர் விமானத்தில் வந்தால் 500 சீட். ஏ320 ரக விமானத்தில் சுமார் 180 சீட்கள். வழக்கமான பயணிகள் போக மூன்றில் ஒரு பங்கு காலி என்றால் ஒரு ஃப்ளைட்டுக்கு 60 பேர். ஆக, ஒரே நாளில் ஒன்பது ஃப்ளைட் வேண்டும். சுமார் 70 சீட் கொண்ட ஏடிஆர் விமானம் மட்டுமே வந்துபோகும் ஊர் என்றால் இருபதுக்கும் மேல்!

ஆக, ஹால் எவ்வளவு பெரியது என்பது கடைசிக் கேள்வி. ரூமும் ஃப்ளைட்டும்தான் முதல் கேள்வி.

கட்டிய பிறகு என்ன ஆகும்?

மூன்று நாள் நிகழ்ச்சிக்கு, மேடை போட ஒரு நாள், பிரிக்க ஒரு நாள் சேர்த்து ஐந்து நாள் ஹால் வேண்டும். ஆண்டுக்கு 20 கான்ஃபரன்ஸ் பிடித்தாலும் 100 நாள்தான் நிரம்பும். மீதி 265 நாளும் கரண்ட் பில், செக்யூரிட்டி, பராமரிப்புச் செலவு நிற்காது.

அந்த இடைவெளியை எது நிரப்பும்? முகூர்த்த நாட்கள்தான். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது தப்பில்லை. ஆனால் வெளியூர்ப் பணம் வந்து ஹோட்டல், டாக்ஸி, கேட்டரிங் எல்லாம் பிழைக்கும் என்று சொல்லித்தான் வரிப்பணத்தில் கட்டுகிறோம். வந்தவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் என்றால், ஊரின் பணம் ஊருக்குள்ளேயே கைமாறுகிறது. பஸ் ஸ்டாண்டுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ போயிருக்க வேண்டிய பணம் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

போட்டியும் சாதாரணமானது இல்லை. ஹைதராபாத் 2006-லேயே ஹெச்ஐசிசி மையத்துடன் களத்தில் இறங்கிவிட்டது. 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட டெல்லி 'யஷோபூமி'யின் பிரதான அரங்கில் மட்டும் சுமார் 6,000 பேர் உட்காரலாம். அளவில் இவர்களோடு மோதினால் சின்ன ஊர் தோற்றுப்போகும்.

அப்போ சின்ன ஊருக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. இந்திய அறிவியல் மாநாட்டைப் பாருங்க. 2016-ல் மைசூரு, 2017-ல் திருப்பதி, 2018-ல் இம்பால், 2023-ல் நாக்பூர். நான்கிலும் நடத்திக்கொடுத்தது அந்தந்த ஊர்ப் பல்கலைக்கழகம். ஹால், ஹாஸ்டல், தன்னார்வலர்கள் எல்லாம் வளாகத்திலேயே இருந்தன.

பணஜியைப் பாருங்க. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 40 ஆயிரம் பேர். ஆனாலும் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 2004 முதல் கோவாவில்தான். சுற்றுலாவுக்காகக் கட்டிய ஹோட்டல்களும் விமான நிலையமும் ஏற்கெனவே இருந்தன.

கொச்சி இன்னொரு பாடம். கேரளா டிராவல் மார்ட் என்ற சுற்றுலா வர்த்தகச் சந்திப்பு அங்கே 2000-ல் தொடங்கியது. போல்காட்டி தீவில் பிரம்மாண்டமான லுலு கன்வென்ஷன் சென்டர் திறந்தது 2018-ல். இடையில் 18 ஆண்டுகள். முதலில் நிகழ்ச்சி, வாடிக்கையாளர், அனுபவம். பெரிய கட்டடம் அப்புறம்.

உங்க ஊரில் அறிவிப்பு வந்தால் என்ன கேட்பது?

மூன்று கேள்வி போதும். ஹாலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எத்தனை தரமான ரூம்கள்? ஒரு நாளைக்கு எத்தனை ஃப்ளைட், எத்தனை ரயில்? ஆண்டுக்கு ஒரு மாநாட்டையாவது அழைத்துவரத் தயாராக இருக்கும் பல்கலைக்கழகம், மருத்துவமனை, தொழில் சங்கம் எது? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், முதல் இரண்டுக்கு நல்ல பதில் இருந்தும் பயனில்லை.

அந்த மூன்றாவது பதில் நீங்களாகவும் இருக்கலாம். உங்கள் துறைச் சங்கம் அடுத்த மாநாட்டை எங்கே நடத்தலாம் என்று பேசும்போது பெங்களூரு, ஹைதராபாத் பெயர்தான் முதலில் வரும். அங்கே 300 பேருக்கான ஒரு கூட்டத்தைச் சொந்த ஊரில் நடத்தலாம் என்று கை தூக்கிப் பாருங்க. 300 பேருக்கு ஒரு நல்ல ஹோட்டலோ கல்லூரி அரங்கமோ போதும். அது நன்றாக நடந்தால், அடுத்த ஹால் எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று அதன் பிறகு யோசிக்கலாம்.