மேகம் மூடினால் மூடிக்கொள்ளும் இதழ்

சூழலைப் பற்றி எழுதும் இதழ்கள், பிறர் எரிக்கும் நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் கணக்குக் கேட்பது வழக்கம். தம் எழுத்து வாசகரைச் சென்றடைய எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அது எங்கிருந்து வருகிறது என்ற கணக்கைத் தாமே எடுத்து வெளியிட்ட இதழ்கள் மிகச் சில. ஸ்பெயினின் பார்சலோனா நகரில், ஒரு குடியிருப்பின் பால்கனியில் பொருத்திய சூரியத் தகட்டைக் கொண்டு 2018 செப்டம்பர் முதல் இயங்கிவரும் 'லோ-டெக் மேகசின்' அந்தச் சிலவற்றுள் ஒன்று. தகடு தரும் மின்சாரத்துக்கு ஏற்ப இதழின் உடலையே இளைக்க வைத்ததும், வெயில் இல்லாத நாளில் இதழ் இருண்டுபோவதைக் குறையாகக் கருதாமல் ஏற்றுக்கொண்டதும் அதைப் பிற முயற்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

சூரிய மின்சாரத்தில் இதழ் நடத்துவது அதற்கு முன்பே அமெரிக்காவில் நடந்த ஒன்றுதான். ஓரிகன் மாநிலத்தில் மின்கம்பிகள் எட்டாத ஒரு மலைப்பகுதியில் வாழ்ந்த ரிச்சர்டு பெரெஸ், கேரன் பெரெஸ் தம்பதியர் 1987இல் தொடங்கிய 'ஹோம் பவர்' என்னும் இதழ், சூரியத் தகடு, பேட்டரி, சிறு காற்றாலை, ஓடைநீரில் சுழலும் சிறு டர்பைன் ஆகியவற்றை ஒரு வீட்டார் தம் கையாலேயே அமைத்துக்கொள்வது எப்படி என்று கற்றுத்தந்தது. அச்சும் அஞ்சலும் வெளியே நடந்தாலும், எழுதுதல், பக்கம் அமைத்தல் முதலான ஆசிரியர் குழுவின் வேலைகள் அவர்களே உற்பத்தி செய்த மின்சாரத்தில்தான் நடந்தன. முப்பத்தோரு ஆண்டுகள் வெளிவந்த அந்த இதழ் 2018ஆம் ஆண்டின் இறுதியில் நின்றது. பார்சலோனாவில் அந்தத் தகடு வேலை செய்யத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயல்.

'லோ-டெக் மேகசி'னை 2007இல் தொடங்கிய கிரிஸ் டி டெக்கர், புத்தம் புதிய அறிவியல் கண்டுபிடிப்புகளைப் பற்றி நாளிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் எழுதிவந்த பெல்ஜிய நாட்டுப் பத்திரிகையாளர். ஒவ்வொரு சிக்கலுக்கும் இன்னும் சிக்கலான ஒரு கருவியையே விடையாக முன்வைக்கும் போக்கில் நம்பிக்கை இழந்த அவர், பழைய, எளிய தொழில்நுட்பங்களில் மறக்கப்பட்ட அறிவு எவ்வளவு கிடக்கிறது என்று தேடத் தொடங்கினார். பகல் வெப்பத்தைத் தேக்கிவைத்து இரவில் பயிர்களுக்குக் கொடுத்த தடித்த மதில்களின் துணையோடு குளிர்நாடுகளில் திராட்சையும் பீச்சும் விளைவித்த பதினேழாம் நூற்றாண்டுத் தோட்டக்கலை, பெரிய சக்கரத்தை நடுவில் வைத்துச் சுமையின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றிய சீனத் தள்ளுவண்டி, மின்சாரமே இல்லாமல் கோபுரத்துக்குக் கோபுரம் சைகையால் செய்தி அனுப்பிய பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தந்தி என அதன் பொருள்கள் நீள்கின்றன. பழமைக்குத் திரும்புவோம் என்ற ஏக்கம் இக்கட்டுரைகளில் குறைவு. எந்த வேலைக்கு எவ்வளவு ஆற்றல் போதும் என்ற பொறியியல் கேள்வியே மிகுதி. ஆண்டுக்கு ஒரு டஜன் கட்டுரைகளுக்கு மேல் வெளியிடுவதில்லை என்பதால் ஒவ்வொன்றும் நீண்டதாகவும் ஆழ்ந்ததாகவும் அமைகிறது.

இணையமும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. வசதி குறைந்த பகுதிகளில் வைஃபை அலைகளைப் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் செலுத்தி, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வலையமைப்புகளைப் பற்றி இவ்விதழ் 2015இல் விரிவாக எழுதியது. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் மையங்களோடு இணைத்து, நோயாளியும் மருத்துவரும் காணொளியில் பேச வழிசெய்த பெர்க்லி பல்கலைக்கழகத்தாரின் முயற்சியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். இவ்வாறெல்லாம் எழுதிய இதழ், எங்கோ ஒரு தரவு மையத்தில் இரவும் பகலும் எரியும் கணினிகளிலிருந்து வாசகரைச் சென்றடைவது பொருந்தாத ஒன்று என்று அதன் ஆசிரியருக்கே பட்டிருக்க வேண்டும். 2016இல் தம் பணியறையைப் பொது மின்விநியோகத்திலிருந்து விடுவித்துக்கொண்ட அவர், இரண்டு ஆண்டுகளில் இதழையும் அதே வழியில் கொண்டுவந்தார். ரோல் ரோஸ்காம் ஆபிங், மாரி ஒட்சுகா ஆகிய வடிவமைப்பாளர்கள் இதில் அவருக்குத் துணைநின்றனர்.

தொடக்கத்தில் இருந்த அமைப்பு எளியது. பால்கனியில் 50 வாட் சூரியத் தகடு ஒன்று. அதற்கு 12 வோல்ட், ஏறத்தாழ 7 ஆம்பியர்-மணி கொண்ட ஈய-அமில பேட்டரி ஒன்று, அதாவது ஒரு மோட்டார் சைக்கிளில் இருக்கும் அளவே. இரண்டுக்கும் இடையே, பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பாமலும் வடியாமலும் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் என்னும் சிறு கருவி. பக்கங்களைச் சேமித்துவைத்து, கேட்டவருக்கு அனுப்பும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். இங்கே அந்த வேலையைச் செய்வது பல்கேரியாவில் தயாராகும், உள்ளங்கை அளவே ஆன ஒற்றைப் பலகைக் கணினி. அது 1 முதல் 2.5 வாட் வரை மட்டுமே இழுக்கிறது. தகடு தருவதும் பேட்டரி தேக்குவதும் நேர்திசை மின்னோட்டமே; கணினிக்கு வேண்டியதும் அதுவே என்பதால், வீடுகளில் உள்ளதைப்போல இன்வெர்ட்டர் வைத்து மாறுதிசை மின்னோட்டமாக்கி மறுபடியும் பழைய நிலைக்கே கொண்டுவரும்போது வீணாகும் மின்சாரம் இங்கே மிச்சமாகிறது. ஒன்றிரண்டு வாட் இழுக்கும் கருவிக்கு 50 வாட் தகடு எதற்கு என்று தோன்றலாம். நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே உள்ள பால்கனியில் நேர் வெயில் விழுவது நாளில் சில மணி நேரமே, அதுவும் குளிர்காலத்தில் சாய்ந்த வெயில் என்பதே விடை. பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-மணி என்றாலும், ஈய-அமில வகையைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கையில் நிற்பது 40 வாட்-மணி அளவே. அது ஓர் இரவைத் தாண்டும், அடுத்த பகலும் மங்கலாக இருந்தால் தட்டுத்தடுமாறும்.

இந்தச் சிறிய சேமிப்புக்குள் இதழை அடக்குவதுதான் உண்மையான வேலையாக இருந்தது, அந்த வேலை மின்பொறியாளரைவிடப் பத்திரிகை வடிவமைப்பாளருடையது. இன்றைய பெரும்பாலான தளங்களில், வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் சர்வர் தரவுக் கிடங்கிலிருந்து தலைப்பையும் உரையையும் படத்தையும் தேடியெடுத்து அந்தப் பக்கத்தை அப்போதைக்கப்போது சமைத்துத் தருகிறது. இங்கோ எல்லாப் பக்கங்களும் ஒரே ஒரு முறை ஆக்கப்பட்டுக் கட்டுச்சோறுபோல வைக்கப்பட்டிருப்பதால், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதைத் தவிரச் சர்வருக்கு வேறு வேலை இல்லை. எழுத்துருவைத் தனியாக அனுப்புவதற்குப் பதிலாக வாசகரின் கருவியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவே பயன்படுகிறது. இதழின் சின்னத்துக்கும் படம் இல்லை. பெயரை எழுத்தாகவே அடித்து நடுவில் இடப்பக்கம் நோக்கும் ஓர் அம்புக்குறியைச் சேர்த்ததோடு சரி.

படங்களே பெரும்பாரம். ஒளிப்படம் ஒன்றின் ஆயிரக்கணக்கான சாயல்களைச் சில சாம்பல் நிறங்களாகக் குறைத்து, நெருக்கமாகவும் அகலமாகவும் இட்ட புள்ளிகளால் நிழலும் ஒளியும் தோன்றச் செய்யும் முறையை இவ்விதழ் கையாள்கிறது. ஈய எழுத்துக் காலத்து அச்சகங்களில் 'பிளாக்' செய்து படம் அச்சிட்டதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புள்ளிகளைக் கொண்டு கண்ணை ஏமாற்றும் அதே கலைதான், அன்று மையைச் சமாளிக்க உதவியது இன்று மின்சாரத்தைச் சமாளிக்க உதவுகிறது. இவ்வாறு செய்யப்பட்ட படம் வழக்கமான படத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எடையே கொண்டிருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து, பக்கம் ஒன்றின் சராசரி எடையைப் பழைய வடிவத்தில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்காக, 0.77 மெகாபைட்டாகக் குறைத்தன.

எழுத்தின் எடை இக்கணக்கில் எவ்வளவு அற்பம் என்பதற்குத் தமிழே நல்ல சான்று. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும் என்றால், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். 'கை' என்னும் ஓரெழுத்தே ககரத்துக்கும் அதன் குறிக்குமாக ஆறு பைட்டை எடுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும் ஆயிரத்து ஐந்நூறு சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரை 50 கிலோபைட்டை ஒட்டியே நிற்கும். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம் அதைப்போல ஐம்பது மடங்கு இருக்கக்கூடும். எழுத்தை நம்பி நடக்கும் இதழுக்கு ஆற்றல் சிக்கனம் இயல்பிலேயே கைகூடும் என்பதையும், அதைக் கெடுப்பது எழுத்தைச் சுற்றிச் சேரும் அலங்காரங்களே என்பதையும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவு செய்தபின்னும் வானம் ஒத்துழைக்காத நாட்கள் உண்டு. பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் சார்ஜ் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கிறது; மீண்டும் வெயில் வரும்வரை இதழ் கிடைக்காது. இதை மறைக்க முயலாமல், பக்கத்தின் பின்னணி நிறத்தையே பேட்டரியின் அளவுகோலாக அமைத்திருக்கின்றனர்: நிறம் பக்கத்தில் எந்த உயரம்வரை நிற்கிறதோ அதுவே மிச்சமுள்ள மின்சாரம் என்று வாசகர் படித்துக்கொண்டே தெரிந்துகொள்கிறார். பார்சலோனாவின் அடுத்த சில நாட்களுக்கான வானிலைக் கணிப்பும் அங்கேயே கொடுக்கப்படுகிறது.

2018 டிசம்பர் முதல் 2019 நவம்பர் வரையான 351 நாட்களின் கணக்கை இதழே வெளியிட்டது. அந்தக் காலத்தில் அது 95.26 விழுக்காட்டு நேரம் இயங்கியது; 399 மணி நேரம் நின்றுபோனது. நின்ற நேரத்தில் பெரும்பங்கு வானத்தின் தவறுகூட அன்று, இறுதி இரு மாதங்களில் மென்பொருள் மேம்படுத்தலை ஒட்டி எழுந்த சிக்கலால் நேர்ந்தது. சர்வர் மொத்தமாகச் செலவிட்ட மின்சாரம் 9.53 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாத மின்சாரத்தில், 75 வாட் எடுக்கும் பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஐந்து நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழலும் அளவு மின்சாரத்தில், 8 லட்சத்து 65 ஆயிரம் வாசகர்களுக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு இதழ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எஞ்சிய ஐந்து விழுக்காட்டையும் பிடித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பவருக்கு, அந்தக் கடைசிச் சில விழுக்காடுகளே மிகவும் விலை உயர்ந்தவை என்பதுதான் பொறியியல் தரும் விடை. ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே வரும் நீண்ட மழைமூட்டத்தைத் தாண்டுவதற்குப் பேட்டரியைப் பல மடங்கு பெருக்க வேண்டும். அது ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கும். ஆனால் அதைச் செய்வதற்கு வேண்டிய ஈயமும் ஆற்றலும் முன்கூட்டியே செலவாகிவிடும், சில ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டும். தகடு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடியது. இந்த அமைப்பில் சீக்கிரம் தேயும் உறுப்பு பேட்டரிதான் என்பதால், அதைச் சிறியதாக வைப்பதே சூழலுக்கு உகந்தது. மருத்துவமனைக்கு இந்தத் தர்க்கம் பொருந்தாது. வாசிப்புப் பொருளுக்குப் பொருந்தும். தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காக ஒரு வாரம் காத்திருந்து பழகிய வாசகருக்கு ஒரு கட்டுரைக்காக ஒரு நாள் காத்திருப்பது பெரிய சுமை அன்று.

இக்கணக்கில் ஓட்டைகள் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இதழே அவற்றை முதலில் சொன்னது என்பது அதற்குப் பெருமை. இதழை இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர் என்னும் கருவி 10 வாட் எடுப்பது, அதாவது சர்வரைவிடப் பல மடங்கு. தொடக்கத்தில் அது பொது மின்விநியோகத்தில்தான் ஓடியது. பக்கம் கடந்துவரும் கடலடிக் கம்பிகள், தொலைத்தொடர்புக் கோபுரங்கள், வாசகரின் கைப்பேசி ஆகியவற்றின் மின்செலவு இந்தத் தகட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பக்கம் இளைத்ததன் பயன் அங்கெல்லாமும் சென்று சேர்கிறது என்பதே இதற்குச் சொல்லக்கூடிய பதில். அந்த வகையில் பார்த்தால், பேச்சுக்குரியதாகிப்போன சூரியத் தகட்டைவிட, யார் கண்ணிலும் படாத அந்த எடைக்குறைப்பே இம்முயற்சியின் பெரிய சாதனை எனலாம்.

வேறு வழிகளையும் சிலர் முயன்றுள்ளனர். 2021இல் அமெரிக்காவிலிருந்து தொடங்கிய 'சோலார் புரோட்டோகால்' என்னும் திட்டத்தில், பல நாடுகளில் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் சிறு சூரிய சர்வர்களுள் அந்த நேரத்தில் எங்கே வெயில் நன்றாக அடிக்கிறதோ அங்கிருந்து பக்கம் அனுப்பப்படுகிறது. 2020 முதல் வெளிவரும் 'பிராஞ்ச்' என்னும் இதழோ, சொந்தத் தகடு எதுவும் இல்லாமல், பொது மின்விநியோகத்தில் புதைபடிவ எரிபொருள்களின் பங்கு மிகும் நேரத்தில் படங்களை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் சொல் விளக்கத்தை மட்டும் வைக்கிறது.

பணத்தின் பக்கமும் இந்தச் சிக்கனத்தோடு பின்னிக் கிடக்கிறது. விளம்பரங்களும், வாசகரைப் பின்தொடர்ந்து அவர் விருப்பத்தை வேவு பார்க்கும் நிரல்களும் பக்கத்தின் எடையைக் கூட்டுபவை என்பதால், சூரியத் தகட்டுக்கு மாறியபோது 'லோ-டெக் மேகசின்' அவ்விரண்டையும் ஒருசேரக் கைவிட்டது. அதன் வருமானம் இப்போது வாசகர்களின் நன்கொடையிலிருந்தும் புத்தக விற்பனையிலிருந்தும் வருகிறது. 2012 முதல் 2018 வரையான கட்டுரைகளைத் தொகுத்து 2019இல் வெளியான முதல் நூல் எழுநூறு பக்கங்களைத் தாண்டியது. பழைய கட்டுரைகள் அடுத்த தொகுதியாகத் தொடர்ந்தன. முன்பணம் போட்டு ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கிடங்கில் அடுக்காமல், ஒருவர் கேட்கும்போது ஒரு படி மட்டும் அச்சிட்டு அனுப்பும் முறையில் அவை கிடைக்கின்றன. அந்தக் கனத்த தொகுதிகளுக்கு இதழ் சொல்லும் காரணங்களுள் ஒன்று, பால்கனியில் வெயில் விழாத நாட்களிலும் கட்டுரைகள் வாசகர் கையில் இருக்க வேண்டும் என்பது.