பழைய காருக்குப் பெற்றோலும் போத்தல் மருந்தும்

லண்டனில் கராஜ் ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்பவன் நான். எங்கள் ஆட்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் ஒரு விடயத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். பழைய காருக்கு எந்தப் பெற்றோல் அடிப்பது, கடையில் விற்கும் போத்தல் மருந்துகளை ஊற்றலாமா என்பதே அது.

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஏ-40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். சேலைன் போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்கம் குறைந்த அந்த எஞ்சின்கள் அதைத் தாங்கின. இங்குள்ள கார்கள் அப்படியல்ல. மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் தட்டும், புகைபோக்கியில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் பழுதாகும். வீதியில் ஓடும் வாகனத்துக்கு அதை ஊற்றுவது இந்த நாட்டில் குற்றம்; வாகனத்தையே பறிமுதல் செய்யலாம். ஆகவே, தெரிந்தவர் மலிவாகத் தருகிறார் என்று கானில் வரும் எரிபொருளை வாங்காதீர்கள்.

அடுத்தது ஈ-10. 2021 செப்டெம்பரில் இருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. 2011க்குப் பின் புதிதாக விற்கப்பட்ட எல்லாப் பெற்றோல் கார்களும் இதற்கு ஏற்றவை. 1990களின் கடைசியில் இருந்து வந்தவற்றிலும் பெரும்பாலானவை ஏற்றவைதான். ஆனால் 2000களின் தொடக்கத்தில் வந்த சில மொடல்கள் ஏற்றவையல்ல. அவற்றின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எதனோல் நாளடைவில் அரித்துவிடும். அரச இணையத்தளத்தில் உங்கள் காரின் தயாரிப்பாளர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். ஏற்றதல்ல என்றால் சுப்பர் ஈ-5 அடியுங்கள். தவறுதலாக ஒரு முறை ஈ-10 அடித்துவிட்டால் பயப்பட வேண்டாம். தாங்கியை வெறுமையாக்கத் தேவையில்லை, அடுத்த முறை ஈ-5 அடித்தால் போதும். ஆனால் பெற்றோல் காருக்கு டீசல் அடித்துவிட்டால் திறப்பைத் திருப்பவே வேண்டாம். உதவிக்கு ஆளை அழையுங்கள்.

எதனோல் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் எதனோலும் தண்ணீரும் சேர்ந்து தாங்கியின் அடியில் தங்கிவிடும். அது எஞ்சினுக்குப் போனால் கார் இழுபட்டு ஓடும், சில வேளை நின்றுவிடும். ஊருக்குப் போகும்போது காரை மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் தாங்கியை நிரப்பி விட்டுச் செல்லுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும்.

இனிப் போத்தல் மருந்து. இன்ஜெக்ரரில் படிந்த கரியைக் கழுவும் மருந்துகளில் 'பொலி ஈதர் அமீன்' சேர்ந்தவை உண்மையில் வேலை செய்யும். கிட்டத் தூரம் மட்டும் ஓடும் பழைய காருக்கு இடைக்கிடை ஊற்றலாம். போத்தலில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். நெடுநாள் நிற்கும் காருக்குப் பெற்றோல் பழுதாகாமல் காக்கும் மருந்தும் உண்டு. ஆனால் எந்த மருந்தும் பெற்றோலில் இருந்து எதனோலை எடுத்துவிடாது. தேய்ந்த பிஸ்டன் வளையத்தையோ பழுதான பிளக்கையோ அது திருத்தாது. எஞ்சின் லைற் எரிந்தால், மருந்துக்குக் கொடுக்கும் காசைக் கணினிப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

பெற்றோல் அடித்த உடனேயே கார் திக்கித் திக்கி ஓடினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பற்றுச்சீட்டை எறியாதீர்கள். கராஜில் தாங்கியில் இருந்து மாதிரி எடுத்து வைக்கச் சொல்லி, பழுதின் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு பெற்றோல் நிலையத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். விற்கும் பொருள் தரமாக இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆங்கிலம் சரளமில்லை என்று தயங்கி, திருத்தச் செலவை நீங்களே சுமக்க வேண்டாம். பற்றுச்சீட்டும் கராஜ் கடிதமும் கையில் இருந்தால் அவையே உங்களுக்காகப் பேசும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.