தூண் நின்ற இடம்

புதுச்சேரி வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் வாசல் இரண்டு அடுக்காக இருக்கும். சுவரை ஒட்டித் திண்ணை. அது வீட்டுக்கு வந்தவர்களுக்கு. அதற்கும் வெளியே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சார்ப்பு. அதைத் தாழ்வாரம் என்போம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அதன்கீழ் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

1690களில் டச்சுக்காரர்கள் நேர்நேராக வரைந்த தெருக்கள் இவை. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளிய பிறகும், பழைய கோடுகளின் மேலேயே ஊர் எழுந்தது. அந்தக் கோடுகளைத் தாண்டி நிற்கும் தூணைச் சட்டக் கண்ணால் பார்த்தால் ஆக்கிரமிப்புதான். ஆனால், வழிப்போக்கனுக்கு நிழல் தந்த தூண் அது.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தைப் பெரியப்பா பிரித்துவிட்டார். கரையான் அரித்த தூண், ஒழுகும் ஓடு, வண்டி நிறுத்த இடமில்லை. அதே கையோடு மாடியில் அனுமதியில்லாமல் ஓர் அறை எழுப்பினார். நோட்டீஸ் வந்தது. அதை அலமாரியில் வைத்து மூடினார். அதுதான் பெரிய தவறு என்று இன்றும் நினைக்கிறேன். நோட்டீசில் உள்ள கெடு தேதிக்குள் எழுத்தில் பதில் போயிருக்க வேண்டும். இரண்டாவது நோட்டீசுக்குப் பிறகுதான் பொறியாளரை அழைத்தோம். கட்டியதைக் கட்டியபடியே அளந்து புது வரைபடம் போட்டார். எதற்கு அனுமதி கேட்கலாம், எதை இடித்தே ஆக வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். தெருப்பக்கம் நீண்டிருந்த சன்ஷேடை இடித்தோம்; மீதிக்குக் கட்டணம் கட்டினோம். ரசீதுகளும் வரைபடமும் இப்போது பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

இன்று புதுச்சேரியில் வீடு கட்ட, மாற்றிக் கட்ட நகரமைப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். பழைய ஊருக்குள் முகப்பையும் பார்க்கிறார்கள். இந்தக் கண் திறந்ததில் வைசியாள் வீதிக்கு முக்கியப் பங்குண்டு. 2002 முதல் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு இங்கே இருபது வீடுகளின் முகப்பைச் சீரமைத்தது. பிரித்தெறிந்த தாழ்வாரங்களும் அதில் திரும்ப வந்தன. 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

எங்கள் வாசலில் பழைய தூணின் கருங்கல் அடி மட்டும் படியோரம் மிச்சமிருக்கிறது. அடுத்த முறை வரைபடம் போடும்போது அதையும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.